யார் தலைக்குப் பின்னுகிறோம்?

மார்கழியில் நீலகிரிப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தலைகுந்தாவில் விடியற்காலை புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். பஸ்ஸுக்கு நிற்கிறவர், பால் ஊற்றுகிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்று கண்ணில் படுகிற எல்லாத் தலையிலும் ஒரு கம்பளிக் குல்லா இருக்கும். ஊட்டியில் திபெத்தியர்கள் நடத்தும் கடைகளில் அது குவியல் குவியலாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் லூதியானா சரக்கு, விலையும் மலிவு. இருந்தும் எங்கள் குன்னூர்ப் பக்கத்துப் பெண்கள் பலர் இரண்டு ஊசியையும் ஒரு நூல் உருண்டையையும் பையில் போட்டுக்கொண்டுதான் வெளியே கிளம்புகிறார்கள். வெயில் விழும் திண்ணையில், டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் பெஞ்சில், மத்தியான சீரியலுக்கு முன்னால் என்று எங்கே உட்கார்ந்தாலும் கை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

நான் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். குழந்தை பிறந்ததும் எடை பார்ப்பது, நீளம் பார்ப்பது, தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்து எழுதுவது எல்லாம் அன்றாட வேலை. அந்தப் பழக்கமோ என்னவோ, யாராவது பின்னி முடித்த குல்லாவைக் கொண்டுவந்து, "எப்படி இருக்கு சிஸ்டர்?" என்று கேட்டால் என் வாயில் முதலில் வருவது, "யாருக்கு?" என்பதுதான். பலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. நிறத்தைச் சொல்லவில்லை, பூ வேலையைச் சொல்லவில்லை, உச்சியில் தொங்கும் குஞ்சத்தைச் சொல்லவில்லை, தலையைக் கேட்கிறாளே என்று முகம் சுருங்கும். என்ன செய்வது, குல்லா கெடுவது அங்கேதான். நடுவில் ஒரு கண்ணி நழுவினால் கொக்கி ஊசியால் தூக்கி ஏற்றிவிடலாம். நிறம் பிடிக்காவிட்டாலும் குளிருக்குப் போட்டுக்கொள்வார்கள். அளவு தப்பினால் அது அலமாரிக்குத்தான் போகும். கை சுத்தமான பெண்கள், பொறுமைக்குப் பேர் போனவர்கள், தங்கள் மனசில் இருக்கிற ஒரு தலைக்குப் பின்னிவிட்டு, எதிரே நிற்கிற இன்னொரு தலையில் அதை மாட்டப் பார்க்கிறார்கள்.

பிரசவ வார்டில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். அத்தை, சித்தி, இரண்டு பக்கத்துப் பாட்டிகள் என்று ஆளுக்கொரு குல்லாவோடு வருவார்கள். அநேகமாக எல்லாமே பெரிசு. குழந்தையின் தலையில் வைத்தால் புருவத்தைத் தாண்டி மூக்கு வரை இறங்கும். காரணம் ரொம்ப சாதாரணம். குழந்தை என்று சொன்னதும் நம் கண் முன்னால் வருவது கழுத்து நின்று, பொக்கை வாயால் சிரிக்கிற ஆறு மாதக் குழந்தை. அதன் தலைச் சுற்றளவு 43 செ.மீ. அருகில் இருக்கும். பிறந்த அன்று இருப்பதோ 35 செ.மீ. போல. இரண்டு மாதம் முன்கூட்டிப் பிறந்துவிட்டால் 30-க்குக் கீழேகூட இருக்கும். தொட்டிலில் கிடப்பது அந்தச் சின்னத் தலை.

தலை வளர்கிற கணக்கும் விசித்திரமானது. பிறந்ததிலிருந்து முதல் பிறந்தநாள் வரைக்கும் 11, 12 செ.மீ. வளர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆயுசு முழுவதற்கும் சேர்த்து வளர்வது ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே கைக்குழந்தைக்குப் பின்னுகிறவள் நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வளைகாப்பன்று ஆரம்பித்த குல்லாவைக் காதுகுத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது வீட்டிலிருக்கும் பொம்மைக்குத்தான் ஆகும்.

"வளர்ற பிள்ளைதானே, பெரிசாவே இருக்கட்டும்" என்று ஒரு நியாயம் நம் வீடுகளில் உண்டு. பள்ளிச் சீருடை அப்படித்தான் வாங்குகிறோம். செருப்பும் அப்படித்தான். சிக்கனம் தெரிந்த குடும்பங்களின் பேச்சு அது. நான் குறை சொல்ல மாட்டேன். சட்டை பெரிசாக இருந்தால் கையை மடித்துவிடலாம், பாவாடைக்கு உள்மடிப்பு வைத்துத் தைக்கலாம். குல்லாவில் அந்தச் சிக்கனம் செல்லுபடியாகாது. பெரிசாக இருக்கிற குல்லா தலையில் நிற்காது, அவ்வளவுதான். அடுத்த வருஷத்துத் தலைக்குப் பின்னி வைத்தால் இந்த வருஷத்துத் தலை குளிரில் கிடக்கும். வளர்ச்சிக்கு இடம் வேண்டுமென்றால் அதற்கு வழி வேறு. விளிம்பில் நிட் இரண்டு, பர்ல் இரண்டு என்று மாற்றி மாற்றிப் போடும் ரிப்பை நாலு அங்குலம் அகலமாகப் பின்னி, பாதியை மேலே மடித்து விடுங்கள். தலை வளர வளர மடிப்பை இறக்கிவிடலாம். ரிப் பக்கவாட்டில் நன்றாக இழுபடும் என்பதால் சுற்றளவும் கொஞ்ச காலம் தாங்கும்.

சின்னக் குழந்தைக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்றால், அந்தத் தலைக்குக் குல்லா அலங்காரம் இல்லை. பச்சிளங்குழந்தையின் உடம்புப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு தலை. பெரியவர்களுக்கு அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று பெரியவர்களுக்குச் சொல்வது வெறும் பேச்சு. தலை தன் பரப்புக்கு ஏற்ற அளவுதான் சூட்டை இழக்கும். குழந்தைக்கு அந்தப் பரப்பே அதிகம் என்பதால் அங்கே விஷயம் வேறு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் தொடங்கிய கங்காரு பராமரிப்பு முறையில், எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு மார்பாக வைத்துக் கட்டுவார்கள். குழந்தையின் மேல் இருப்பது ஒரு நாப்கின், காலுறை, குல்லா, அவ்வளவுதான். அந்தக் குல்லாவில் நாடா கூடாது, குஞ்சம் கூடாது, உள்பக்கம் நூல் வால் தொங்கக் கூடாது, விரலில் சுற்றிக்கொள்ளும். வீட்டுக்கு வந்த பிறகு, உள்ளே தூங்கும் குழந்தைக்குத் தலையை மூட வேண்டாம் என்பதே இப்போது குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. சூடு ஏறிவிடும், நழுவி மூக்கை மூடலாம். குறைமாதக் குழந்தையானால் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. பாட்டி சொல்வதல்ல, நானும் ஒரு பாட்டிதான்.

சரி, அளவெடுப்பதற்கு வருவோம். புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே, பின்மண்டை எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அங்கே சுற்றி டேப்பை வைக்க வேண்டும். ஆழத்துக்கு, ஒரு காது மடலின் அடியிலிருந்து உச்சந்தலை வழியாக மறு காது மடலின் அடி வரை அளந்து, அதில் பாதி. காதை மூட வேண்டாம் என்றால் மடலின் மேல்முனையிலிருந்து. பெரியவர்களுக்குச் சுற்றளவு 54-லிருந்து 60 செ.மீ.க்குள் வரும். கூந்தலை அப்படியே விட்டு அளந்துவிட்டு, போடும்போது கொண்டை போட்டுக்கொண்டால் அந்த அளவு எதற்கும் உதவாது. எப்படித் தலை வாரி வெளியே போவார்களோ அப்படி வாரச் சொல்லி அளக்க வேண்டும். இன்னொன்று, வீட்டில் பல வருஷமாகக் கிடக்கும் துணி டேப்பை நம்பாதீர்கள். இழுத்து இழுத்து அது நீண்டிருக்கும். ஒரு இரும்பு ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டு டேப்பில் 12 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றே முக்கால்தான் காட்டியது. அந்த வீட்டில் பின்னிய எல்லாமே அளவு தப்பி வந்ததற்கு நூல் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அளவு கையில் வந்ததும் ஊசியை எடுத்துவிட முடியாது. மாதிரித் துண்டு ஒன்று பின்ன வேண்டும். இதைச் சொன்னால்தான் எல்லோருக்கும் சலிப்பு வரும். ஆறு அங்குலச் சதுரத்துக்கு ஒரு துண்டு பின்னி, அலசி, நிழலில் உலர்த்தி, ஓரங்களை விட்டு நடுவில் நாலு அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணி, நாலால் வகுக்க வேண்டும். இரண்டு அங்குலத் துண்டு பின்னி, ஈரம் காட்டாமல், ஓரத்தோடு சேர்த்து எண்ணுவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. ஓரக் கண்ணி எப்போதும் இழுத்தோ தளர்ந்தோ இருக்கும், அலசினால் பின்னல் விரியும்.

அந்தத் துண்டுக்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு. சோதனைக்கு என்று தெரிந்து பின்னும்போது கை ஒழுங்காக இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கண்ணி விடாமல் கவனித்துப் பின்னுவோம். குல்லாவைப் பின்னுவது அந்தக் கை அல்ல. மாமியாரோடு மனஸ்தாபம் ஆன இரவில் பின்னிய வரிசை இறுகியிருக்கும். தூக்கக் கலக்கத்தில் பின்னியது தொளதொளத்திருக்கும். இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பின்னிய குல்லாவைக் கையில் எடுத்தால், எந்த இடத்தில் ஆள் மாறினார்கள் என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். பெண் பார்க்க வரும்போது எல்லா மாப்பிள்ளையும் நல்ல பிள்ளைதான் என்பார் என் மாமியார். அதே கதைதான் இதுவும். ஆகவே மாதிரித் துண்டைச் சாதாரணமாக எப்போது பின்னுவீர்களோ அப்போது பின்னுங்கள், சீரியல் ஓடட்டும், பேச்சு நடக்கட்டும். நம் உண்மையான கை எது என்று தெரிந்துகொள்வதற்குத்தானே அந்தத் துண்டு.

இதற்கு இவ்வளவு அமர்க்களம் ஏன் என்றால், கணக்கைப் பாருங்கள். 20 அங்குலச் சுற்றளவு வேண்டும், அங்குலத்துக்கு 5 கண்ணி என்றால் 100 கண்ணி போட வேண்டும். அதே 100 கண்ணியைக் கொஞ்சம் தளர்ந்த கைக்காரி பின்னி, அங்குலத்துக்கு நாலரைதான் வந்தது என்றால் குல்லா 22 அங்குலத்தைத் தாண்டிவிடும். இறுக்கமான கை பின்னி ஐந்தரை வந்தால் 18 அங்குலத்துக்குச் சற்று மேலே நிற்கும். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே புத்தகம். இரண்டு பேருக்கும் நடுவில் நாலு அங்குலம் வித்தியாசம். ஒன்று அப்பாவுக்கு ஆகும், மற்றது மகனுக்கு ஆகும். அங்குலத்துக்கு அரைக் கண்ணி பிசகியதன் விலை இது. 1910-இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எலிசபெத் சிம்மர்மன் என்ற பெண்மணி, பின்னல்காரிகள் அச்சடித்த அளவையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். உன் கையில் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி, உனக்கு எத்தனை அங்குலம் வேண்டும், இரண்டையும் பெருக்கு, மற்றதெல்லாம் அந்த எண்ணிலிருந்து வரும் என்பது அவர் முறை. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். இருந்தும் பெருக்கிப் பார்க்காமல், பக்கத்து வீட்டுக்காரி எத்தனை போட்டாளோ அத்தனையே போடுவதில்தான் நமக்கு நிம்மதி.

நம்பரை நம்பி ஏமாந்த ஒரு பெண்ணின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கிற பெண். அமெரிக்கப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, அதில் சொன்னபடி 8-ஆம் நம்பர் ஊசி வாங்கிக் குல்லா பின்னினாள். தலையில் ஏறவே இல்லை. அம்மாவோ, "உனக்குக் கை இறுக்கம், எதையும் பிடிச்சா விடமாட்டே, சின்னதுலேர்ந்தே அப்படித்தான்" என்று பெண்ணின் குணத்தையே எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். பெண்ணுக்கு அழுகை. நான் ஊசியை வாங்கிப் பார்த்தேன். நம் ஊர்க் கடைகளில் பழைய இங்கிலீஷ் நம்பர் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் 8 என்றால் 5 மி.மீ. போதாக்குறைக்கு, இங்கே நம்பர் கூடக்கூட ஊசி மெலியும், அங்கே நம்பர் கூடக்கூடத் தடிக்கும். ஊசியில் மில்லிமீட்டர் போட்டிருந்தால் அதைப் பார்த்து வாங்குவது ஒன்றே வழி. அவள் கையிலும் குறை இல்லை, குணத்திலும் குறை இல்லை. இந்தக் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது ஊசிக்காக அல்ல. படிப்பில், வேலையில், கல்யாணத்தில் ஏதோ சரியாக அமையாமல்போன பெண்களைப் பார்த்து, "அவ குணம் அப்படி" என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்! யாருடைய அளவுகோலை யாருக்கு வைத்தோம் என்று முதலில் பார்க்கலாமே.

கணக்குச் சொல்லும்போது 22 அங்குலத் தலைக்கு 20 அங்குலக் குல்லா என்று நான் எடுத்துக்கொள்வதை யாராவது கவனித்துக் கேட்பார்கள். தலை அளவுக்கே பின்னினால் குல்லா தலையில் உட்காரும், பிடிக்காது. குனிந்தால் விழும். நாலு நாள் போட்டால் தளர்ந்து கண்ணை மறைக்கும். பின்னல் நீளக்கூடிய துணி. அதற்குக் கொஞ்சம் இழுவை கொடுத்தால்தான் தலையோடு ஒட்டி நிற்கும். பெரியவர்களுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலம், குழந்தைகளுக்கு அரையிலிருந்து ஒரு அங்குலம் குறைத்துப் பின்னுவது சரியாக வரும். "அவ்வளவு குறைச்சா சின்னதாப் போயிடாதா?" என்று நடு வழியில் பயந்துபோய்ப் பத்துக் கண்ணி கூட்டிவிடுகிறவர்களே அதிகம். மேசைமேல் கிடக்கும்போது நல்ல குல்லா எல்லாமே சின்னதாகத்தான் தெரியும்.

நமக்குக் கொடுப்பதென்றால் கை நிறையக் கொடுக்க வேண்டும். இலையில் இடம் இல்லாமல் பரிமாறினால்தான் உபசாரம். பேறுகாலத்துக்கு மகள் வீட்டுக்குப் போகிற அம்மாக்கள் என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள், என்ன மருந்து எடுத்துப் போக, என்ன லேகியம் கிண்ட என்று. நான் அவர்களிடம் சொல்வது இதுதான்: போங்கள், ஆனால் உங்களால் முடிந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகச் செய்யுங்கள். குழந்தையைக் குளிப்பாட்ட உங்கள் மருமகன் கற்றுக்கொள்ளட்டும். ராத்திரி ஒரு தடவை அவர்களே எழுந்திருக்கட்டும். நீங்கள் மூன்று மாதம் இருந்து எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்துவிட்டுத் திரும்பினால், மறுநாள் காலை அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் கை ஓடாது. கொஞ்சம் குறைத்தால் அந்த இடத்தை அவர்கள் இழுத்து நிரப்பிக்கொள்வார்கள். இதைக் கேட்டு, "என்ன சிஸ்டர், பெத்த பொண்ணுக்குப் போயி அளந்து செய்யச் சொல்றீங்களே" என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. கோபித்துக்கொள்ளட்டும்.

குறைப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. குல்லாவைக் கழற்றிய பிறகு நெற்றியில் சிவப்பாகக் கோடு தெரிந்தால் அது இறுக்கம். பெரும்பாலும் குற்றவாளி முதல் வரிசை. மேலே பின்னல் எவ்வளவு இழுபட்டாலும், முதலில் ஊசியில் கண்ணி போடும்போது நூலை இறுக்கிப் போட்டிருந்தால் அந்த விளிம்பு கொடுக்காது. ஊசியை ஒரு சுற்றுப் பெரிதாக எடுத்துக்கொண்டு முதல் வரிசையைப் போட்டுவிட்டு, அடுத்த வரிசைக்கு வழக்கமான ஊசிக்கு மாறினால் போதும்.

உச்சியைக் குறைப்பது பலருக்குப் பயம் தரும் வேலை. உண்மையில் அது லேசு. கண்ணிகளை எட்டுப் பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னிக்கொண்டே போனால் தானாகக் கூடும். 100 என்று கணக்கு வந்தாலும் எட்டால் வகுபடும் 96-ஐயோ 104-ஐயோ எடுத்துக்கொள்வது இதற்காகத்தான். நல்ல கம்பளி நூலானால் 96, இழுவை கொடுக்காத நூலானால் 104 என்பது என் வழக்கம்.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் உல்லன் என்று கேட்டு நாம் வாங்கிவருவது பெரும்பாலும் அக்ரிலிக். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மெல்லிய ரோமத்துக்குப் பேர் போன நீலகிரி ஆடு என்று தனி இனமே இந்த மலையில் உண்டு. அந்த மலையில் உட்கார்ந்துகொண்டு லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக்கில் பின்னிக்கொண்டிருக்கிறோம். நம் ஊர் வியாபாரத்தின் லட்சணம் அது. அக்ரிலிக்கிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, துவைக்க எளிது, குழந்தைத் தோலுக்கு அரிப்பு இல்லை. ஆனால் அதன்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள். இழுவை போய்விடும், திரும்ப வராது. கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் எதிர்ப்பக்கம், சுருங்கிக் கெட்டியாகிவிடும்.

பருத்தி நூலைப் பற்றி நான் யோசிக்க நேர்ந்தது ஒரு சிநேகிதிக்காக. எங்களோடு மத்தியானங்களில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தவள். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கியது. இரவில் தலை குளிர்கிறது, தலையணை உறுத்துகிறது என்றாள். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் அவள் தலை அளவு அத்துப்படி. வருஷக்கணக்காக ஒருவருக்கொருவர் பின்னிக் கொடுத்தவர்கள். ஆளுக்கொன்றாகக் கொண்டுபோனார்கள். எல்லாம் பெரிசு. இடுப்புக்குக் கீழே தொங்கிய அந்தக் கூந்தல் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. கம்பளி அவளுக்கு அரித்தது. தையல் மூட்டிய இடம் வெறும் தோலில் குத்தியது. திரும்பவும் அளவெடுக்கலாம் என்றால் அவளிடம் போய் டேப்பை நீட்ட எங்களில் ஒருத்திக்கும் மனசு வரவில்லை. அளந்தால் முடி போனதை அவள் முகத்துக்கு நேரே சொல்வதாக ஆகிவிடும் என்று தயக்கம். கடைசியில் அவளே, "அளந்துக்கோங்கடி, என் தலை இப்ப இதுதான்" என்று தலைத்துணியை எடுத்துவிட்டாள். டேப் வைத்து அளந்தோம். மெல்லிய பருத்தி நூலில், தையல் இல்லாமல் வட்ட ஊசியில், விளிம்பிலிருந்து உச்சி வரை ரிப்பாகவே பின்னினோம். பருத்திக்கு இயல்பாக இழுவை கிடையாது, ரிப்தான் அதற்கு அந்த இழுவையைக் கொடுக்கும். சரியாக உட்கார்ந்தது. சிகிச்சை முடிந்து முடி வளர வளர அந்தக் குல்லாவும் அவளுக்கு இறுகிவிட்டது. அதற்கு மறுபடியும் அளவெடுத்தோம். அப்போது யாருக்கும் தயக்கம் இல்லை.

தெரிந்தவர்கள் விஷயத்தில்தான் நாம் அளவெடுக்காமல் போகிறோம் என்று அன்றைக்குப் பட்டது. புதிதாக வருகிறவரிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வோம். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷரிடம் காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்க மாட்டோம். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது நமக்குத் தெரியும், ஸ்பூன் மட்டும் பழைய கணக்கில் போகும்.

துணியை வெட்டித் தைக்கிற தையல்காரருக்கு இல்லாத ஒரு பாக்கியம் பின்னுகிறவருக்கு உண்டு. கத்தரித்தது கத்தரித்ததுதான். பின்னலை எந்த நிமிஷமும் பிரிக்கலாம். பாதியில் கண்ணிகளை ஒரு பழைய நூலில் கோத்துவிட்டு, குல்லாவைத் தலையில் மாட்டிக் கண்ணாடி பார்க்கலாம். சரியில்லையா, பிரித்துவிடலாம். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு இருக்கும். அதைக் கண்டாகச் சுற்றி, நனைத்து, அடியில் ஒரு கனத்தைத் தொங்கவிட்டு உலர்த்தினால் நேராகிவிடும். இருந்தும் பலர் பிரிக்க மாட்டார்கள். "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்பார்கள். தப்பான அளவு என்று எட்டாவது வரிசையில் தெரிந்த குல்லாவை அறுபதாவது வரிசை வரை கொண்டுபோய் முடித்து, பெட்டியில் வைத்துப் பூட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பதினாலு வயசுப் பையன்களோடு மல்லுக்கட்டாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அவர்களுக்குக் குல்லா காதை மூடக் கூடாது, பின்னால் தொங்க வேண்டும். குளிருக்கு அது பிரயோஜனமில்லைதான். அந்தத் தொங்கல் வேண்டுமென்றால் சுற்றளவைக் கூட்டாதீர்கள், நீளத்தை மட்டும் இரண்டு அங்குலம் கூட்டுங்கள். தலையிலும் நிற்கும், தொங்கவும் செய்யும். காது குளிர்ந்தால் அவனே இழுத்து மூடிக்கொள்வான், நீங்கள் பார்க்காதபோது.

இப்போது பேரப்பிள்ளைகள் டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஊரிலிருந்து போகிறவர் பெட்டியில் முறுக்கோடு குல்லாவும் போகிறது. போன தடவை பார்த்தபோது இருந்த தலையை மனசில் வைத்துக்கொண்டு பின்னாதீர்கள். இன்றைக்கே போன் போடுங்கள். குழந்தையை எப்படித் தலைவாரி வெளியே அனுப்புகிறார்களோ அப்படியே அளக்கச் சொல்லுங்கள். காதை மூட வேண்டுமா என்று கேளுங்கள். சொல்கிற எண் அங்குலமா சென்டிமீட்டரா என்று கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். எண் சின்னதாகப் பட்டாலும் நீங்களாக ஒன்றும் கூட்டாதீர்கள்.